பெரிய ரயர் உரசுகிறது: வாகனத்தை உயர்த்தினால் தீருமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் வயலும், அதோடு சிறிய கிறவல் ஒப்பந்த வேலைகளும் செய்து வருகிறேன். என்னிடம் 2012ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் விகோ டபிள் கப் உள்ளது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளின்படி இதன் ரயர் அளவு 265/65 ஆர் 17. மாரியில் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள வயல் பாதைகளில் உழவு இயந்திரம் கிழித்த சுவட்டுக்குள் இறங்கினால் பின் டிபரன்சல் மண்ணில் தட்டுகிறது. அதனால் நண்பர் ஒருவரிடமிருந்து 285/70 ஆர் 17 அளவுள்ள சேற்று ரயர்கள் நான்கையும், வெளியே தள்ளி நிற்கும் ரிம்களோடு வாங்கிப் பூட்டினேன். இப்போது ஸ்ரியரிங்கை முழுவதும் ஒடித்தால் முன் சக்கரத்தின் பின்பக்கம் உரசுகிறது. மதகில் ஏறி இறங்கும்போது மேலேயும் உரசுகிறது. ஒரு கராச்சில் முன் ஸ்பிரிங்குக்கு மேலே இரண்டு அங்குல ஸ்பேசர் (இடைத்துண்டு) வைத்து உயர்த்தச் சொல்கிறார்கள். இன்னொருவர் மட்காட்டை வெட்டச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: ஐயா, உரசும் இடங்கள் இரண்டு என்பதை நீங்களே பிரித்து எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. பெரும்பாலானோர் "ரயர் உரசுகிறது" என்று மட்டும் சொல்லி வாகனத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வேலை செய்பவரும் எங்கே, எப்போது என்று கேட்காமல் ஸ்பேசரைக் கையில் எடுத்துவிடுவார். ஸ்ரியரிங்கை ஒடிக்கும்போது பின்னால் உரசுவதற்கும் மதகில் இறங்கும்போது மேலே உரசுவதற்கும் காரணங்கள் வேறு, மருந்தும் வேறு. நீங்கள் கேட்டதற்கு நேரடியாகச் சொல்வதானால், இரண்டு அங்குல ஸ்பேசர் முதலாவது உரசலைக் குறைக்காது, சில வேளை கூட்டியும் விடும். இரண்டாவதை அடிக்கடி நிகழாமல் செய்யுமே தவிர நீக்காது. மட்காட்டை வெட்டும் கட்டத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை.

முதலில் ரயரின் கணக்கைப் பார்ப்போம். 265/65 ஆர் 17 என்றால் அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். இதன்படி முழு விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர். நீங்கள் பூட்டியிருக்கும் 285/70 ஆர் 17 ரயரின் விட்டம் ஏறத்தாழ 831 மில்லிமீற்றர், அதாவது 33 அங்குலமளவு. வித்தியாசம் 55 மில்லிமீற்றர் என்றாலும் அச்சு உயர்வது அதில் பாதிதான். அதாவது டிபரன்சலுக்குக் கீழே உங்களுக்குக் கிடைத்த மேலதிக இடைவெளி 27 மில்லிமீற்றர், ஓர் அங்குலத்தை விடச் சற்றே கூட. அந்த ஓர் அங்குலத்துக்காக ரயர் முன்னாலும் பின்னாலும் மேலேயும் 27 மில்லிமீற்றர் வீதம் இடம் பிடித்துக்கொண்டது; இரு பக்கமும் 10 மில்லிமீற்றர் வீதம் அகன்றும் விட்டது.

இந்தக் கணக்கில் ரிம் இன்னும் சேரவில்லை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது "வெளியே தள்ளி நிற்கும் ரிம்" என்ற சொற்களே. விகோவின் 17 அங்குலத் தொழிற்சாலை ரிம் ஏழரை அங்குல அகலமும் 30 மில்லிமீற்றர் ஒவ்செற்றும் கொண்டது. ஒவ்செற் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் ஒட்டி நிற்கும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம். அந்த இலக்கம் குறையக் குறையச் சக்கரம் வெளியே போகும். கடைகளில் கவர்ச்சியாகத் தொங்கும் ரிம்கள் பலவற்றில் அது பூச்சியமாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கும். சக்கரத்தைக் கழற்றி ரிம்மின் உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தால் அந்த இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பூச்சியம் என்றால் உங்கள் சக்கரத்தின் நடுக்கோடு 30 மில்லிமீற்றர் வெளியே போயிருக்கிறது. ரயரின் அகலத்தையும் சேர்த்தால் அதன் வெளித்தோள் 40 மில்லிமீற்றர் வெளியே நிற்கிறது.

வெளியே போனால் உள்ளே உரசாதுதானே என்று பலர் நினைப்பதுண்டு. நேராக ஓடும்போது அது உண்மை. ஆனால் முன் சக்கரம் திரும்புவது தன் நடுப்புள்ளியில் அல்ல, மேலும் கீழும் உள்ள இரண்டு போல் ஜொயின்ற்களை இணைக்கும் கோட்டைச் சுற்றியே. அந்தக் கோட்டிலிருந்து ரயரின் வெளித்தோள் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, திரும்பும்போது அது அவ்வளவு பெரிய வட்டத்தில் வீசும். ஸ்ரியரிங்கை இடது பக்கம் முழுவதும் ஒடித்தால், இடது சக்கரத்தின் பின்புற வெளித்தோள் பின்னோக்கியும் உள்நோக்கியும் வந்து, கபினின் முன்மூலையைத் தாங்கும் செசித் தாங்கியையும் அதை ஒட்டிய தகட்டு மடிப்பையும் தொடும். அதே நேரத்தில் வலது சக்கரத்தின் முன்புற வெளித்தோள் பம்பரின் உட்புறத்தை நோக்கிப் போகும். வலது பக்கம் ஒடித்தால் இவை இரண்டும் இடம் மாறும். சக்கரம் 35 பாகை அளவில் திரும்புகிறது என்று கொண்டு கணக்குப் பார்த்தால், அந்தப் பின்புறத் தோள் முன்பைவிட ஏறத்தாழ 45 மில்லிமீற்றர் பின்னால் வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது ரிம்மினால் மட்டும் வந்தது. ஆகவே உங்கள் முதல் உரசலில் கணிசமான பங்கு நீங்கள் ரயரோடு சேர்த்து வாங்கிய அந்த ரிம்முக்கு உரியது. வாகனத்தை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த வட்டம் சிறுக்காது.

ஏதாவது வாங்குவதற்கு முன் வீட்டு முற்றத்திலேயே ஒரு பரிசோதனை செய்யுங்கள். முன் ரயர்களைக் கழுவிக் காயவிட்டு, தோள் முழுவதும் பாடசாலைச் சோக்கட்டியைத் தடித்துப் பூசுங்கள். ஒருவர் மெதுவாக ஓட்டிக்கொண்டு ஸ்ரியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒடிக்கட்டும். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, பிறேக்கைப் பிடித்தபடி ஒருமுறை. பிறகு ரோச் லைற்றோடு மட்காட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தால் வெள்ளை ஒட்டிய இடமெல்லாம் உரசும் இடம். மட்காட்டின் உட்புறத்தை மூடும் கறுப்பு பிளாஸ்டிக் லைனரில் மட்டும் வெள்ளை இருந்தால் கவலைப்பட அதிகமில்லை. இரும்பில் இருந்தால் வேலை இருக்கிறது. பிறேக் பிடிக்கும்போது மட்டும் பின்னால் கூடுதலாக உரசினால் ரயரைக் குறை சொல்லாமல் சக்கரத்தைச் செசியோடு இணைக்கும் கீழ் ஆமின் ரப்பர் புஷ்களைப் பாருங்கள். 2012ஆம் ஆண்டு வாகனத்தில், அதுவும் கிறவலில் ஓடிய வாகனத்தில், அவை தளர்ந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. தளர்ந்த புஷ் பிறேக்கில் சக்கரத்தைச் சில மில்லிமீற்றர் பின்னே போகவிடும். புதிய புஷ் போட்ட பிறகு அளந்தால் கணக்கே மாறியிருக்கும்.

மேலே உரசுவதைச் சோதிக்கச் சற்றுப் பொறுமை வேண்டும். பலர் ஒரு முன் சக்கரத்தைக் கல்லில் ஏற்றி நிறுத்திப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். மதகில் வேகமாக இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கும் அளவுக்கு அது அமுங்காது. சரியான முறை என்னவென்றால், வாகனத்தைச் செசியில் ஸ்ராண்ட் வைத்துப் பாதுகாப்பாக நிறுத்தி, ஒரு பக்க ஷொக்கையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கழற்றி எடுத்துவிட்டு, சக்கரத்தைப் பூட்டி, கீழ் ஆமுக்கு ஜக் வைத்து முட்டு ரப்பர் நன்றாக அமுங்கும்வரை மேலே தூக்குவது. அந்த நிலையில் ஸ்ரியரிங்கை இரு பக்கமும் ஒடித்துப் பார்த்தால், இந்த வாகனத்தில் அந்தச் சக்கரம் வாழ்நாளில் போகக்கூடிய ஆக மோசமான இடம் கண் முன்னே நிற்கும். இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங்கோடு விளையாடக் கூடாது. பழகிய கராச் ஒன்றில் நீங்கள் பக்கத்தில் நின்று செய்விப்பது நல்லது.

ஸ்பேசர் ஏன் மேலே உரசுவதை நீக்காது என்பதையும் இந்தச் சோதனையே காட்டிவிடும். ஸ்பிரிங்குக்கு மேலே துண்டு வைத்து உயர்த்தும்போது வாகனம் நிற்கும் உயரம்தான் மாறுகிறது. சக்கரம் மேலே போய் நிற்கும் கடைசி இடத்தைத் தீர்மானிப்பது முட்டு ரப்பர். அது பழைய இடத்திலேயே இருக்கும்வரை, நான்கு அங்குலம் உயர்த்தினாலும் முழுவதும் அமுங்கிய நேரத்தில் சக்கரம் முன்பு போன அதே இடத்துக்குத்தான் போகும். தரித்து நிற்கும்போது மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி தெரியும். பாரத்தோடு பள்ளத்தில் விழும்போது அது இருக்காது. உயர்த்துவதோடு முட்டு ரப்பரையும் நீளமானதாக மாற்றினால் மேல் உரசல் நிற்கும். அப்போது சக்கரம் மேலே போகும் தூரம் குறையும், ஓட்டம் சற்றுக் கடினமாகும். அது ஒத்துக்கொள்ளக்கூடிய விலைதான், ஆனால் அந்த விலையைச் சொல்லாமல் ஸ்பேசரை மட்டும் விற்கிறார்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. விகோவின் முன்புறத்தில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை. கீழ் ஆமின் நடுப்பகுதியை ஒட்டியே பூட்டப்பட்டுள்ளது. ஆகையால் ஸ்பிரிங்கின் தலையில் 25 மில்லிமீற்றர் துண்டு வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ இரு மடங்கு உயரம் வரும். "இரண்டு அங்குல ஸ்பேசர்" என்று அந்தக் கராச்சில் சொன்னது துண்டின் தடிப்பா, கிடைக்கும் உயரமா என்று கட்டாயம் கேளுங்கள். துண்டின் தடிப்பே இரண்டு அங்குலம் என்றால் வாகனம் நான்கு அங்குலமளவில் எழும்பி, முன் சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகள் அளவுக்கு மீறிய சரிவில் வேலை செய்ய நேரிடும். அவற்றின் மடிப்பு ரப்பர் உறை முதலில் வெடிக்கும். கிறீஸ் வெளியேறி மணல் உள்ளே போன பிறகு மூட்டே கதறத் தொடங்கும். மேல் ஆமின் போல் ஜொயின்ற்றும் தன் எல்லையில் போய் நிற்கும். முன்புறத்தில் மொத்தமாக 50 மில்லிமீற்றர் உயர்வைத் தாண்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதையும் துண்டு வைத்துச் செய்யாமல், அந்த உயரத்துக்கென்றே செய்யப்பட்ட ஸ்பிரிங்கும் ஷொக்கும் போட்டுச் செய்வதே முறை. தலையில் துண்டு வைக்கும்போது ஷொக் முழுவதுமே கீழே தள்ளப்படுகிறது. முட்டு ரப்பர் தாங்குவதற்கு முன் ஷொக்கின் உள்ளே இரும்பும் இரும்பும் மோதி அது செத்துப்போகும்.

இனி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் எந்த ஒழுங்கில் செய்வேன் என்று சொல்கிறேன்.

பழைய தொழிற்சாலை ரிம்களை நீங்கள் விற்றிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். புதிய ரயர்களை அந்த ரிம்களில் ஏற்றிப் பாருங்கள். 285/70 ஆர் 17 ரயருக்கு ஏழரை அங்குல ரிம் ஆகக் குறைந்த அளவாக ஏற்கப்பட்டதே. ஸ்ரியரிங் உரசலில் ஒரு பெரிய பகுதி இதோடு போய்விடும். ஆனால் உட்பக்கத்தில் புதிய கேள்வி ஒன்று எழும்: ரயர் 10 மில்லிமீற்றர் உள்ளே அகன்றிருப்பதால் மேல் ஆமுக்கும் ரயரின் உள்தோளுக்கும் இடையே ஒரு விரலாவது நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே இடம் போதாவிட்டால் 15 அல்லது 20 ஒவ்செற் உள்ள ரிம் தேடலாம். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் போடும் வட்டத் துண்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை ரிம் வெளியே தள்ளும் அதே குறையை விலை கொடுத்துத் திரும்ப வாங்குவதே ஆகும். போதாக்குறைக்கு இறுக்கிப் பார்க்க முடியாத இன்னொரு வரிசை நட்டுகளும் உள்ளே மறைந்து போகும். எந்த ரிம் வாங்கினாலும் ஆறு போல்ட் துளைகளும் 139.7 மில்லிமீற்றர் வட்டத்தில் இருப்பதோடு, நடுத்துளை 106 மில்லிமீற்றர் ஹப்பில் ஆட்டமில்லாமல் உட்காருகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது லைனர். சோக் ஒட்டிய இடத்திலுள்ள பிளாஸ்டிக்கைச் சூடான காற்று ஊதும் கருவியால் இளக்கி, மரக்கட்டையால் உட்பக்கம் தள்ளிப் பிடித்து ஆறவிட்டால் அந்த வடிவிலேயே நிற்கும். முன்பக்கத்தில் பதினைந்து, இருபது மில்லிமீற்றர் இப்படிக் கிடைக்கும். தள்ளுவதற்கு முன் அதன் பின்னால் வயர்களோ கண்ணாடி கழுவும் தண்ணீர்ப் போத்தலோ இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மட்பிளாப்பின் உள்மூலை உரசினால் அந்த மூலையை மட்டும் வெட்டுங்கள். முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டால், கிறவல் வீதியில் உங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

மட்காட்டின் பின்சுவரில் இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் விளிம்புபோல் ஒரு மடிப்பு நீட்டி நிற்கும். அதுதான் ரயரை வெட்டும் கத்தி. அதை வெட்டி எடுக்க வேண்டியதில்லை. தட்டையான இரும்பைப் பின்னால் பிடித்துச் சுத்தியலால் மெதுவாகப் பின்னோக்கி மடித்துவிட்டால் போதும். மடித்த இடத்தில் பழைய பெயின்ற் வெடித்திருக்கும். அதைச் சுரண்டி, துரு எதிர்ப்புப் பூச்சும் அதன்மேல் பெயின்ற்றும் அடித்து, ஓரத்தைச் சீலர் போட்டு மூட மறக்காதீர்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டுவிட்டால் இரண்டு மாரிக்குள் அந்த இடம் துருவால் அரித்துப் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு செசித் தாங்கியில் மட்டும் சற்று உரசினால், வீல் அலைன்மென்ற்றில் ஒரு வழி இருக்கிறது. கீழ் ஆமைப் பூட்டியிருக்கும் இரண்டு போல்ட்களிலும் உருளும் வட்டுகள் உள்ளன. அவற்றைத் திருப்பிச் சக்கரத்தைச் சில மில்லிமீற்றர் முன்னோக்கித் தள்ளலாம். முன்னால் இருப்பது தள்ளக்கூடிய பிளாஸ்டிக், பின்னால் இருப்பது இரும்பு என்பதால் இது இலாபமான மாற்று. அலைன்மென்ற் செய்பவர் பச்சை நிறத்துக்குள் இலக்கம் வந்தவுடன் நிறுத்திவிடுவார். காஸ்ரர் கோணத்தை (இரண்டு போல் ஜொயின்ற்களை இணைக்கும் கோடு பின்னோக்கிச் சாயும் அளவை) அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் ஆகக் கூடிய பக்கத்துக்குக் கொண்டுபோகுமாறும், இரண்டு பக்கமும் சமமாக வைக்குமாறும் நீங்களே கேட்க வேண்டும். வாகனத்தை உயர்த்தினால் இந்தக் கோணம் குறைந்து சக்கரம் சற்றுப் பின்னே போகும் என்பதால்தான் ஸ்பேசர் உங்கள் முதல் உரசலைக் கூட்டவும் கூடும் என்று தொடக்கத்தில் எழுதினேன்.

செசித் தாங்கியின் மூலையை வெட்டித் தகடு வைத்து ஒட்டும் வேலையும் இருக்கிறது. வெளிநாடுகளில் பலர் செய்கிறார்கள். திறமையான வெல்டர் செய்தால் நிற்கும். ஆயினும் அது கபினைத் தாங்கும் இரும்பு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது என்பதும், இடைப்பட்ட காலத்தில் பழைய டபிள் கப் ஒன்றின் விலை எங்கே போனது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. இப்படிப்பட்ட வாகனத்தின் செசியில் வெட்டுக்காயம் இருந்தால் நாளை விற்கும்போது வாங்குபவர் முதலில் தொட்டுக் காட்டுவது அதைத்தான். கபினை மட்டும் செசியிலிருந்து தூக்கும் முறையையும் யாராவது சொல்லக்கூடும். அது மேலே உண்மையாகவே இடம் தரும், ஏனெனில் முட்டு ரப்பர் இருக்கும் இடத்திலேயே இருக்க மட்காட் மேலே போகிறது. ஆனால் நீங்கள் பின்னால் உரசும் தாங்கி செசியைச் சேர்ந்தது; அது கபினோடு மேலே போகாது. ஸ்ரியரிங் தண்டு, பிறேக் குழாய்கள், ரேடியேற்றர் விசிறியின் உறை எல்லாவற்றையும் கலைத்துவிட்டு அந்தப் பலனைப் பெறுவது உங்கள் தேவைக்கு மிகை.

உங்கள் தேவை என்று சொன்னேன். அதைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் 33 அங்குல ரயர் அதற்குச் சரியான பதில் என்று நான் நினைக்கவில்லை. உழவு இயந்திரத்தின் சுவடு ஓர் அடி ஆழம் கிழிந்த இடத்தில் 27 மில்லிமீற்றர் உங்களைக் காப்பாற்றாது. சுவட்டுக்குள் இறங்காமல் நடு மேட்டிலும் ஓரத்திலும் சக்கரம் வைத்து ஓட்டுவதே காப்பாற்றும். சேற்றில் இழுவை தருவது ரயரின் உயரத்தைவிட அதன் பூவும் அதிலுள்ள காற்றும்தான். தார் வீதியில் 32 இறாத்தல் வைத்திருக்கும் ரயரை வயல் பாதையில் 20 இறாத்தலுக்கு இறக்கினால் அது நீளவாக்கில் பரந்து மண்ணைப் பிடிக்கும். பாரமில்லாமல், மெதுவாக ஓடும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். திரும்ப வீதிக்கு ஏறியவுடன் காற்றை நிரப்புங்கள். பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று வாகனத்தில் இருந்தால், நீங்கள் செலவழிக்க நினைத்த பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும்.

வன்னியின் மண்ணையும் மறக்கக் கூடாது. கோடையில் கல்லாக இருக்கும் வயல் களி முதல் மழையோடு ரயரில் அப்பி, சுற்றும்போது லைனருக்குள் அடைந்து, அங்கேயே காய்ந்து கட்டியாகும். முருங்கன் பக்கம் ஓடியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கே அங்கிருந்துதான் களி போனது. எனவே காய்ந்த முற்றத்தில் நூல் இடைவெளியில் தப்பும் ரயர் மார்கழியில் தப்பாது. முழு அமுக்கத்திலும் முழுத் திருப்பத்திலும் எல்லாப் பக்கமும் 20 மில்லிமீற்றராவது வெறுமையாக இருக்க வேண்டும். அதாவது ஒரு பெருவிரல் தடையின்றிப் போய்வர வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, உங்களுக்குப் பொருத்தமானது 265/70 ஆர் 17 அளவுள்ள, வீதிக்கும் மண்ணுக்கும் பொதுவான பூவுள்ள ரயர் என்பது என் முடிவு. அதன் விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீற்றர். அச்சு 13 மில்லிமீற்றர் உயரும், அகலம் மாறாது, தொழிற்சாலை ரிம்மிலேயே உட்காரும். பெரும்பாலான விகோக்களில் லைனரைச் சற்றுத் தள்ளினாலே போதும், பலவற்றில் அதுவும் தேவைப்படாது. வாங்கிய 33 அங்குல ரயர்களை ரிம்மோடு விற்றுவிட்டு இதற்கு மாறுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கலாம், ஆனால் நீங்கள் தொடங்கவிருக்கும் செலவின் வாலைப் பார்க்க வேண்டும். சுற்றளவு 7 சதவீதம் கூடியதால் வேகமானி 60 என்று காட்டும்போது வாகனம் முன்பைவிட 4 கிலோமீற்றர் கூடிய வேகத்தில் போகிறது. எல்லாக் கியரும் 7 சதவீதம் உயர்ந்ததுபோல் ஆகி, பாரத்தோடு குளக்கட்டில் ஏறும்போது இழுவை குறையும். பாரமான ரயரைச் சுழற்றவும் நிறுத்தவும் எஞ்சினும் பிறேக்கும் கூடுதலாக உழைக்கும். 265/70க்குப் போனால் இந்த வித்தியாசம் மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு, ஓட்டத்தில் பெரிதாகத் தெரியாது.

நான்கு ரயர் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவது எங்கே? பழைய அளவிலுள்ள ஸ்பெயார் ரயரை அவசரத்துக்குப் பூட்டி, அதே நிலையில் சேற்றுக்குள் போர் வீல் போட்டால், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முயன்று இரண்டு அச்சுகளுக்கும் வலுவைப் பிரித்தனுப்பும் நடுக் கியர்ப் பெட்டியை முறுக்கும். சேற்றில் சக்கரம் வழுக்கித் தப்பித்துக்கொள்ளும். ஈரம் குறைந்த கிறவலில் தப்பாது. புதிய அளவிலுள்ள ஸ்பெயார் ரயர், பின்னால் பாரம் ஏற்றும் பெட்டிக்குக் கீழுள்ள இடத்தில் புகுமா என்பதையும் அளந்து பாருங்கள். 33 அங்குல ரயர் அங்கே பெரும்பாலும் முட்டும். எந்த ரயர் வாங்கினாலும் பக்கச் சுவரிலுள்ள பாரச் சுட்டி பழையதைவிடக் குறையக் கூடாது. 112 என்றால் ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும் என்று பொருள்.

பின்புறத்தைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் நெல் மூட்டை ஏற்றுபவர் கேட்டிருக்க வேண்டும். வெறும் வாகனத்தில் பின் சக்கரத்துக்கு மேலே தாராளமாகத் தெரியும் இடம் பாரம் ஏற்றியதும் போய்விடும். வழக்கமாக ஏற்றும் அளவு மூட்டைகளை ஏற்றி, ஒரு பின் சக்கரத்தை மேட்டில் விட்டு, அந்த நிலையிலும் சோக்கட்டிப் பரிசோதனை செய்யுங்கள். பின்புறத்தை உயர்த்தும் தேவை வந்தால் அச்சுக்கும் தகட்டு ஸ்பிரிங்குக்கும் நடுவில் கட்டை வைப்பதையோ ஷக்கிளை நீட்டுவதையோ தவிர்த்து, பாரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங் தகடுகளைப் போடுங்கள். கட்டை வைத்தால் பாரத்தோடு இழுக்கும்போது அச்சு முறுகும்.

சட்டப் பக்கத்தில் ஒரு சொல். மட்காட்டுக்கு வெளியே நீட்டி நிற்கும் ரயரோடு ஏ-9 வீதியில் ஏறினால் பொலிஸார் மறிப்பதற்கு நீங்களே காரணம் கொடுத்ததாகும். உங்கள் வாகனப் பதிவுச் சான்றிதழில் உள்ள விபரங்களைப் பாதிக்கும் எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு அனுமதியைப் பெறுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது ரயரையும் உயரத்தையும்தான்.

கடைசியாக, நீங்கள் பழைய அலோய் ரிம்முக்குத் திரும்பும்போது நட்டுகளைக் கவனியுங்கள். ரொயோட்டாவின் தொழிற்சாலை அலோய் ரிம்முக்கு உரியது தட்டையான வாசரோடு வரும் நட்டு. வெளியில் வாங்கும் ரிம்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டைக் கேட்கும். ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் இறுகியதுபோல் கைக்குத் தோன்றும், ஓட ஓடத் தளரும். இப்போது உங்கள் வாகனத்தில் இருக்கும் நட்டு எது என்று இன்றைக்கே ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பொருந்தாத நட்டாக இருந்தால், சரியானவை கிடைக்கும்வரை வாகனத்தை எடுக்க வேண்டாம். சரியான நட்டுப் போட்ட பின்னும் முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் ரோர்க் ரெஞ்சால் ஒருமுறை மீண்டும் இறுக்குங்கள்.